பழுதும் பதிலும்: மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மண்ணை வாரிக்கொண்டு வரும் மாதம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்டரியில் ஓடும் வாக்குவம் கிளீனரைப் பற்றியவை. எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

ஏனுங்க, எங்கூட்டுக்கு முன்னாலயே தறிக்குடோன் இருக்குது. பஞ்சுத்தூசி தீரவே மாட்டேங்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தி வாங்குன கார்ட்லெஸ் வாக்குவம், இப்ப சுவிட்சைப் போட்டா பத்து செகண்டு ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. ரிப்பேருக்குக் கொண்டு போனா, தொறந்துகூடப் பாக்காம மோட்டார் போச்சுன்னுட்டாங்க. நெசமாவே மோட்டார்தானுங்களா?
– வாசகி, பல்லடம்

மோட்டாராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கெட்டுப்போகிற மோட்டார் தாளம் தப்பாமல் ஓடி ஓடி நிற்காது. சுருதி இறங்கும், நாறும், உறுமும், இல்லையென்றால் ஒரேயடியாக நின்றுவிடும். விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் உள்ளே இருக்கும் மின்னணுப் போர்டு வேண்டுமென்றே மின்சாரத்தை வெட்டுகிறது. காற்றுப்பாதை அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பேட்டரி வோல்ட் சரிகிறது.

முதலில் காற்றுப்பாதை. தூசிக்கூடையையும் ஃபில்டரையும் கழற்றி வைத்துவிட்டு, துணியும் தூசியும் இல்லாத இடத்தில் மெஷினை மட்டும் அரை நிமிடம் ஓட்டுங்கள். இது சோதனைக்கு மட்டும்தான். ஃபில்டர் இல்லாமல் பெருக்கக் கூடாது. இப்போது நிற்காமல் ஓடினால் மோட்டார் மேல் குற்றமில்லை.

அடுத்து கூடைக்குள் இருக்கும் சல்லடைக் கூம்பைப் பாருங்கள். தறி ஓடுகிற ஊர்களில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கூம்பைத் திருகிக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு துளையிலும் வெளிச்சம் வராது. உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கம்பளித் துணி மாதிரி, நகத்தால் கிள்ளினால் முழுசாக உரிந்து வரும். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதால், தறிப்பஞ்சில் அந்தக் கஞ்சித்தூளும் சேர்ந்தே வரும். வெறும் தண்ணீரில் நனைத்தால் அது பசையாகி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் உலர்ந்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து உதிருங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அலசுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் இதே வைத்தியம். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பா ஃபில்டரை (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது), கழுவலாம் என்று அதன் மேலேயே போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள். மற்றபடி கூடைக்கு வெளியே தட்டி எடுப்பதோடு சரி. கழுவியதை நிழலில் 24 மணி நேரம் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தாலும் காற்று போகாது, மறுபடி விட்டுவிட்டுத்தான் ஓடும். பலர் இதைப் பார்த்துவிட்டு, கழுவியதால் கெட்டுப்போச்சு என்று எழுதுகிறார்கள்.

காதாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடும்போது உறிஞ்சும் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். சத்தம் சட்டென்று மேல் சுருதிக்கு ஏறும். சுமை கூடியதால் ஏறுகிறது என்று நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறிக்கு வேலை குறைந்து, சுற்று கூடுகிறது. கையை வைக்காமலே உங்கள் மெஷின் அந்த மேல் சுருதியில் கத்தினால், எங்கோ அடைத்திருக்கிறது. உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றும். அடைப்போடு மாதக்கணக்கில் ஓட்டினால், இன்று நன்றாக இருக்கும் மோட்டார் நாளை நிஜமாகவே கருகிப் போகும்.

அடைப்பு இல்லை என்றால் பேட்டரி. லேபிளில் 21.6 வோல்ட் என்று இருந்தால் உள்ளே 6 லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 25.2. 14.8 என்று இருந்தால் நான்கு செல், முழு சார்ஜில் 16.8. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, மெஷின் ஓடாதபோது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள். ஓடும்போது ஒன்றரை, இரண்டு வோல்ட் இறங்குவது சகஜம். ஐந்தாறு வோல்ட் சரிந்தால் செல் தளர்ந்துவிட்டது. சும்மா இருக்கும்போது மட்டும் அளந்து, பேட்டரி நல்லா இருக்குது என்று முடிவு கட்டுவதால்தான் பல நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போகின்றன.

*

என்னோட மெஷின்ல மோட்டாரேதான் போயிருச்சுங்க, பேட்டரி எல்லாம் அளந்து பாத்துட்டேன். 120 வாட், 21.6 வோல்ட். வாரண்டியும் முடிஞ்சுது. நானே மாத்தலாமுன்னு இருக்கறேன். எப்படிக் கழட்டோணும், எந்த மோட்டார் வாங்கோணும்?
– வாசகர், திருப்பூர்

மாற்றலாம். ஆனால் உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு உரசியபடியே மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டாரா, பிரஷ் இல்லாததா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு இரண்டே வயர் போய், பின்மூடியில் இரண்டு தகடுகளில் பற்றவைத்திருந்தால் அது பெரும்பாலும் பிரஷ் மோட்டார். மோட்டாரோடு சேர்ந்தே வட்டமாக ஒரு போர்டு இருந்தாலோ, மூன்று வயர் போனாலோ அது பிரஷ்லெஸ். அதற்கு இதே பக்கத்தில் வேறு பதில் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் பிரஷ் மோட்டாருக்கு.

வேண்டியவை: நீளமான ஸ்டார் ஸ்குரூ டிரைவர், சில மாடலுக்கு டி8 அல்லது டி10 டார்க்ஸ் (ஆறுமுனை ஸ்குரூ டிரைவர்), பழைய ஏ.டி.எம். கார்டு, மல்டிமீட்டர், 60 வாட் சால்டரிங் அயர்ன். 25 வாட் அயர்ன் போதாது. மோட்டார் தகடு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈயம் உருகாமல் பத்து இருபது செகண்டு அழுத்திக்கொண்டிருந்தால் தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, உள்ளே பிரஷ் சாய்ந்துவிடும். சூடான அயர்னில் மூன்று செகண்டில் வேலை முடிய வேண்டும்.

பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் முதல் ஸ்குரூவைத் தொட வேண்டும். பேட்டரி கழற்ற முடியாத மாடலாக இருந்தால், உடலைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் பிளக்கைப் பிடுங்குவது. ஸ்குரூக்கள் லேபிளுக்கு அடியிலும் ரப்பர் மூடிக்குள்ளும் ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் திறக்கவில்லை என்றால் ஓர் ஓரத்தில் கார்டை நுழைத்துக் கொக்கி கொக்கியாக விடுவியுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கொக்கி உடைந்து, பிறகு அந்த இடுக்கில் காற்று கசியும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக சிவப்பு வயர் எந்தத் தகட்டில் என்பது தெரிய வேண்டும். அந்தத் தகட்டின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோ கூட்டல் குறியோ இருக்கும்.

வயரை விடுவித்த பிறகு மோட்டாரை உறுதியாகச் சோதித்துவிடுங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு தகட்டிலும் தொட்டு, ஷாஃப்டை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஓர் ஓம், சில ஓம் என்று ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் அறவே அறுந்துபோனால் ஆர்மேச்சரில் (காயில் சுற்றிய, சுழலும் பகுதி) ஒரு காயிலின் இணைப்பு விட்டுவிட்டது, அல்லது பிரஷ் தொடவில்லை. தகட்டுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு எதுவும் காட்டக் கூடாது. பீப் அடித்தால் காயில் உடலோடு ஷார்ட். இந்த இரண்டும் சரியாக இருந்தால் 12 வோல்ட் சப்ளையில் ஒரு நொடி கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் கோளாறு சுவிட்சிலோ போர்டிலோ இருக்கிறது, மோட்டார் வாங்க வேண்டாம்.

வாங்குவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உருவம் ஒத்துப் போனால் போதும் என்று நினைக்கிறோம். இந்த மோட்டார்களை எண்ணால் அழைப்பார்கள்: 550 என்ற அளவு சுமார் 36 மி.மீ. விட்டம், 57 மி.மீ. நீளம், ஷாஃப்ட் 3.17 மி.மீ. 775 என்றால் 42 மி.மீ. விட்டம், சுமார் 67 மி.மீ. நீளம், ஷாஃப்ட் பெரும்பாலும் 5 மி.மீ. இதெல்லாம் டப்பாவின் அளவு மட்டுமே. அதே 775 டப்பாவில் டிரில்லுக்கும் சின்ன ரம்பத்துக்கும் என்று நிமிடத்துக்கு 3,000 முதல் 12,000 சுற்று வரை ஓடும் மோட்டார்கள் விற்கின்றன. வாக்குவத்துக்கு 20,000-க்கு மேல் வேண்டும். பம்பு ஊர்க்காரர்களுக்கு இம்பெல்லர் (காற்றைத் தள்ளும் விசிறிச் சக்கரம்) கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை: சுற்று பாதியானால் அழுத்தம் நாலில் ஒன்றாகிவிடும். பொருத்தம் பார்த்து வாங்கிப் போட்ட மோட்டார், சத்தம் போட்டும் ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட இழுக்காததற்கு இதுதான் காரணம். எனவே விட்டம், நீளம், ஷாஃப்ட், வோல்ட், சுற்று ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். பழைய மோட்டார் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை முழுசாகக் கொடுத்துக் கேளுங்கள். இம்பெல்லரோடும் அதை மூடியிருக்கும் கூட்டோடும் சேர்த்தே கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள் என்பதே எங்கள் யோசனை.

தனி மோட்டார்தான் கிடைத்தது என்றால் இம்பெல்லரைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றும் முன், ஷாஃப்ட் நுனியிலிருந்து இம்பெல்லர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். கூட்டுக்கும் இம்பெல்லருக்கும் இடையே இருப்பது ஒரு மி.மீ. அளவுள்ள இடைவெளிதான். அது கூடினால் உறிஞ்சல் குறையும், குறைந்தால் உரசும். நட்டு போட்டதாக இருந்தால் நட்டைக் கழற்றினால் வந்துவிடும். அழுத்தி ஏற்றியதாக இருந்தால் சின்ன புல்லரால் நேராக இழுங்கள். ஒரு பக்கமாக நெம்பினால் இதழ் விண்டுவிடும். ஓர் இதழின் ஓரம் போனாலும் அந்த வேகத்தில் மெஷின் முழுவதும் அதிரும், பேரிங் சீக்கிரம் போகும். புதிய மோட்டாரில் ஏற்றும்போது ஷாஃப்டின் பின்நுனியைக் கட்டை மேல் ஊன்றிக்கொண்டு அழுத்துங்கள். உடலைப் பிடித்து அழுத்தினால் பின்மூடி பிதுங்கும்.

பழைய மோட்டாரின் தகடுகளுக்கு நடுவே காசு மாதிரி ஒரு சின்ன கபாசிட்டர், 104 என்று அச்சிட்டு, இருக்கும். அதைப் புதியதில் மாற்றிப் பற்றவைக்க மறக்காதீர்கள். பிரஷ் பொறியால் எழும் இரைச்சல் போர்டுக்குப் போகாமல் அதுதான் தடுக்கிறது. வயரை மாற்றி வைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் காற்றை இழுக்கத்தான் செய்யும், ஆனால் வலு இருக்காது. நட்டு போட்ட இம்பெல்லராக இருந்தால் நட்டு தளரவும் செய்யும். உடலை மூடும் முன் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள். ரப்பர் வளையமும் ஸ்பாஞ்ச் பட்டையும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகுதான் கடைசி ஸ்குரூ.

*

ஓடறப்ப காத்து வர்ற ஓட்டை வழியா நெருப்புப் பொறி தெரியுதுங்க. எரிஞ்ச வாசமும் வருது. மிக்ஸிக்குப் போடற கார்பனை அரம் போட்டு ராவி மாட்டலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம். மிக்ஸி கார்பன் 230 வோல்ட்டுக்குச் செய்தது. இருபது வோல்ட்டில் ஓடும் மோட்டார்களின் பிரஷ்ஷில் செம்புத்தூள் கலந்திருக்கும், உடைத்துப் பார்த்தால் செம்பு மினுங்கும். குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர் ஓட அந்தச் செம்பு வேண்டும். உங்கள் மெஷின் 120 வாட், 21.6 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை ஆம்பியர் போகிறது; உங்கள் மிக்ஸி 500 வாட் என்றாலும் அதில் போவது இரண்டு ஆம்பியர் சொச்சம். வெறும் கார்பனைப் போட்டால் அது சுடும், மோட்டாரும் வலுவிழக்கும்.

பிரஷ் நுனியில் ஊசிமுனை அளவு நீலப்பொறி இருப்பது சகஜம். காமுட்டேட்டரை (பிரஷ் உரசும், செம்புக் கட்டங்களால் ஆன உருளை) சுற்றி வளையமாக, மஞ்சளாகப் பொறி ஓடினால் கோளாறு. திறந்து பார்த்தால் காமுட்டேட்டரின் நிறமே பாதி சேதியைச் சொல்லிவிடும். டிகாக்ஷன் நிறத்தில், வழவழப்பாக, சீரான படலம் இருந்தால் அது ஆரோக்கியம். பளபளவென்று இருக்கட்டும் என்று அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கரிபிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு கட்டம் மட்டும் எரிந்து குழிவிழுந்திருந்தால் அந்தக் கட்டத்தில் சேரும் காயில் போய்விட்டது. இதற்குப் பிரஷ் மாற்றிப் பயனில்லை. நின்றுபோன மோட்டார், விரலால் ஒரு தள்ளு தள்ளினால் மட்டும் புறப்படுவதும் இதன் அறிகுறிதான்.

கரி மட்டும்தான் என்றால், 800 அல்லது 1000 எண் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, காமுட்டேட்டர் மேல் வைத்து ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். எமரி துணி கூடாது, அதன் துகள் கட்டங்களுக்கு நடுவில் தங்கிவிடும். பிறகு அந்த இடுக்குகளில் சேர்ந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் கீறி எடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கரியே பக்கத்துக் கட்டத்துக்குப் பாலமாகி மறுபடி பொறி பறக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காய்ந்த பின் ஓட்டுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

பிரஷ் மாற்ற முடிகிற மோட்டாராக இருந்தால், நீளம் 5 மி.மீ.க்குக் கீழே வந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியதும் குறைந்த வேகத்தில், குழாய் எதுவும் மாட்டாமல் ஐந்து நிமிடம் ஓட்டினால் பிரஷ்ஷின் முகம் காமுட்டேட்டர் வளைவுக்குப் படிந்துவிடும். சின்ன மோட்டார்கள் பலவற்றில் பின்மூடியை மடக்கி அடித்திருப்பார்கள். அதை நெம்பித் திறந்து மறுபடி நேராக மூடுவது கஷ்டம். அந்த வகைக்கு மோட்டாரையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

*

கிரீச்சுன்னு கத்துச்சுங்க. தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன், நின்னுருச்சு. பத்து நாள்ல முன்னைவிட மோசமாக் கத்துது. என்னங்க பண்றது?
– வாசகி, பொள்ளாச்சி

தேங்காய் எண்ணெய் காற்றிலும் சூட்டிலும் பிசினாக மாறும். மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். அதோடு உங்கள் பக்கத்துத் தென்னைநார்த் தூசியும் சேர்ந்தால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பசை வளையமே உருவாகிவிடும். இப்போது கத்துவது அதுதான்.

சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது பித்தளை நிறத்துப் புஷ், அதாவது ஷாஃப்டைத் தாங்கும் வளையம். எண்ணெயைத் தன் நுண்துளைகளில் ஊறவைத்துக்கொள்ளும் வகை. பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஷாஃப்டும் புஷ்ஷும் சேரும் இடத்தைத் துடைத்து, பசை முழுக்கப் போன பின், தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியால் தொட்டு ஒரே ஒரு சொட்டு வையுங்கள். இரண்டாவது சொட்டு காமுட்டேட்டருக்குப் போய் பிரஷ்ஷைக் கெடுக்கும். துருவை விடுவிக்க அடிக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும்.

ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் பலிக்காது. பால் பேரிங் போட்ட பெரிய மோட்டாராக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். 625 என்றால் உள்விட்டம் 5, வெளிவிட்டம் 16, அகலம் 5 மி.மீ.; 626 என்றால் 6, 19, 6. இருபுறமும் தகடு மூடிய இசட்.இசட். வகையாகக் கேளுங்கள். ரப்பர் மூடிய வகை தூசியை நன்றாகத் தடுக்கும், ஆனால் ரப்பர் ஓரம் உரசுவதால் இந்த வேகத்துக்கு ஆகாது. பேரிங்கை ஷாஃப்டில் தட்டி ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் புதிய பேரிங்கே முதல் நாளிலிருந்து முனகும்.

*

பிரஷ்லெஸ் மோட்டாருன்னு போட்ருக்குது. சுவிட்ச் அமுக்குனா சிவப்பு லைட் மட்டும் மின்னுது. நம்மூர்ல பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டற கடையில குடுத்தாக் கட்டித் தருவாங்களா?
– வாசகர், சரவணம்பட்டி

கோவையில் எந்தக் காயிலையும் கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் இது வேறு சாதி. இந்த மோட்டார்கள் சில நிமிடத்துக்கு 80,000 சுற்று, சில ஒரு லட்சத்துக்கும் மேல் ஓடுகின்றன. அந்த வேகத்துக்காக ரோட்டரை (சுழலும் பகுதியை) ஆலையிலேயே சமன்செய்து, பேரிங்கை அளந்த அழுத்தத்தில் பூட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை பிரித்தால் அந்தச் சமன் திரும்ப வராது. பேட்டரியை நேராகக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. பிரஷ்லெஸ்ஸுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது போர்டின் வேலை. நேராகக் கொடுத்தால் சுற்றாது, சூடேறிக் காயில் கருகும்.

லைட் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, கூட வந்த புத்தகத்தில் பாருங்கள். அடைப்பு, சூடு, பேட்டரி, மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அடைப்பு, பேட்டரி இரண்டையும் பல்லடம் வாசகிக்குச் சொன்ன வழியில் பார்த்துவிட்டு, பேட்டரி மாட்டும் இடத்தின் பித்தளை நாக்குகளில் கரியோ பச்சையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழிரப்பரால் தேய்த்தால் போய்விடும்.

மூன்று வயர் போகும் வகையில் ஒரு நல்ல சோதனை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு இம்பெல்லரை விரலால் சுற்றுங்கள். லேசாக விட்டுவிட்டு, ஆனால் சுலபமாகச் சுற்ற வேண்டும். சேற்றில் சுற்றுவது போல் இறுக்கமாக இருந்தால் மோட்டாரின் பிளக்கைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இறுக்கம் விட்டுவிட்டதா, போர்டில் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) ஷார்ட் ஆகியிருக்கிறது. காயில்களை அது குறுக்கே இணைப்பதால்தான் பிரேக் பிடித்தது. பிளக்கைப் பிடுங்கியும் இறுக்கம் போகவில்லை என்றால் காயிலோ பேரிங்கோ. போர்டு தனியாக இருந்தால் போர்டை மட்டும் மாற்றலாம். மோட்டாரோடு ஒட்டிய போர்டு என்றால் இரண்டையும் ஒரே பொருளாகத்தான் வாங்க வேண்டும்.

*

பேட்டரிதான் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. பழைய பவர்பேங்குல இருக்கற 18650 செல் ஆறு இருக்குது. அதையே சால்டர் வெச்சு மாட்டிக்கலாமா?
– வாசகர், கரூர்

இரண்டுமே தவறு, செல்லும் சால்டரும். 18650 என்பது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்ற அளவின் பெயர் மட்டுமே. பவர்பேங்க் செல் மெதுவாக மின்சாரம் கொடுக்கப் பிறந்தது. வாக்குவம் தொடர்ந்து ஐந்தாறு ஆம்பியர், டர்போ என்ற முழு வேகத்தில் அதற்கு மேலும் கேட்கும். குறைந்தது 10 ஆம்பியர் தொடர்ந்து தரும் செல், ஆறும் ஒரே மாடல், ஒரே புதுசாக இருக்க வேண்டும். ஐந்து நல்ல செல்லோடு ஒரு தளர்ந்த செல் சேர்ந்தால், அந்த ஒன்று முதலில் காலியாகி மொத்தத்தையும் நிறுத்தும். 2,000 மில்லி ஆம்பியர் மணி பேக் ஐந்தரை ஆம்பியரில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் வருகிறது என்றால் காரணம் இந்த ஒற்றைச் செல்லாகவும் இருக்கலாம்.

செல் மேல் நேராகச் சால்டர் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு சுருங்கி ஷார்ட் ஆகலாம். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும். ஸ்பாட் வெல்டர் இல்லாதவர்கள் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். அதே மாடலுக்கான பேக்கை முழுசாக வாங்குங்கள், அல்லது இ-பைக் பேட்டரி கட்டுபவர்களிடம் கொடுங்கள். பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பழைய பி.எம்.எஸ். போர்டைத் தூக்கி எறியாமல் அவர்களிடம் காட்டுங்கள். சில மெஷின்கள் தன் போர்டு இல்லாத பேட்டரியை ஏற்றுக்கொள்ளாது.

சார்ஜர் பின் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மோடம், சிசிடிவி அடாப்டரைச் சொருகுவதும் கூடாது. உப்பிய, நெளிந்த செல்லைச் சார்ஜ் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி விற்ற நிறுவனத்தின் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. குப்பை வண்டியில் போட்டால், வண்டி அழுத்தும்போது செல் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

*

மஞ்சள் தூள், கோலமாவு எல்லாம் இதுல எடுக்கலாமுங்களா?
– வாசகி, ஈரோடு

எடுக்காதீர்கள். கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்தூள்தான். ஃபில்டரைத் தாண்டுகிற அளவு நைசான அந்தத் தூள் புஷ்ஷுக்குள் போனால் உப்புத்தாள் வேலை செய்யும். மஞ்சள் தூள் எண்ணெய்ப்பசை உள்ளது, ஃபில்டர் மடிப்பில் ஏறினால் கழுவினாலும் முழுக்க இறங்காது. சுவருக்குப் பட்டி பார்த்த தூசி, சிமெண்டு, விபூதி, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றுக்கும் இதே பதில். ஊதுபத்திச் சாம்பலில் கங்கு இருந்தால் கூடைக்குள் இருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் விளக்குமாறும் ஈரத்துணியும் போதும். மாவு மில், மஞ்சள் அரவை நடக்கிற இடத்தில் பிரஷ் மோட்டார் மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம். காற்றில் அடர்ந்த மாவுத்தூளுக்குத் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

*

மேல மோட்டார் ஓடுது. கீழ பெருக்கற தலையில உருளை மட்டும் சுத்தலீங்க.
– வாசகர், நாமக்கல்

அது தனி மோட்டார். உருளையைக் கழற்றி இரண்டு முனைகளிலும் பாருங்கள். முனை மூடிக்குள் தலைமுடி கயிறாகத் திரிந்து, பேரிங்கை இறுக்கியிருக்கும். பிளேடால் நீளவாக்கில் கீறினால் வளையமாக வந்துவிடும். முடி இல்லை என்றால் குழாயின் இரண்டு முனைகளிலும் இருக்கும் பித்தளை ஊசிகளைத் துடையுங்கள். மெஷினை ஓட்டிக்கொண்டே குழாயின் கீழ்முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். ஊசிகள் நெருக்கமாக இருக்கும், மீட்டர் முனை இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டினால்தான் மின்சாரம் விடும் மாடல்களும் உண்டு. வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் தலைக்குள் இருக்கும் பெல்ட் அறுந்ததா என்று பாருங்கள். மோட்டார் அதற்கு அப்புறம்தான்.

*

கொழந்தை சிந்துன தண்ணிய இழுத்துருச்சுங்க. இப்ப ஓட்டலாமா?
– வாசகி, மேட்டுப்பாளையம்

ஓட்டாதீர்கள், ஓடுகிறதா என்று சோதிக்கக்கூட வேண்டாம். பேட்டரியைக் கழற்றுங்கள். கூடை, ஃபில்டர் எல்லாம் எடுத்துவிட்டு, உறிஞ்சும் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், தண்ணீரை அது இன்னும் உள்ளே தள்ளும். பாலோ பழச்சாறோ என்றால் காய்ந்த பின்னும் பிசுபிசுப்பு நிற்கும். திறந்து, போர்டையும் இம்பெல்லரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.